பின்நவீனத்துவப் பார்வையில் ஒரு கலைப்படைப்பை ஆராய்வது: பியதாசாவின் ‘நுழைவுப் புள்ளிகள்’ பற்றி ஒரு கேள்வி

துளசி (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில், மலேசியக் கலைப்படைப்பு ஒன்றைப் பின்நவீனத்துவப் பார்வையில், அதாவது ஒரே உண்மை, ஒரே பொருள், ஒரே வரலாறு என்பவற்றை ஐயுறும் பார்வையில், ஆராய்ந்து கட்டுரை வாசிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ள, மலேசிய ஓவியர் ரெட்ஸா பியதாசா 1978-இல் உருவாக்கிய ‘நுழைவுப் புள்ளிகள்’ என்ற படைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்: சியா யூ சியான் என்ற ஓவியர் 1958-இல் வரைந்த ஆற்றங்கரைக் காட்சி ஒன்றைப் பியதாசா அப்படியே எடுத்துத் தம் படைப்புக்குள் பொருத்தியிருக்கிறார். அதோடு, ‘கலைப்படைப்புகள் காலத்தில் இருப்பதில்லை, அவற்றுக்கு நுழைவுப் புள்ளிகளே உண்டு’ என்ற பொருள்படும் ஆங்கில வாசகத்தை ஸ்டென்சில் எழுத்துகளில் பதித்திருக்கிறார்.

தமிழில் பின்நவீனத்துவம் பற்றி 1990-களின் சிற்றிதழ்கள் தொடங்கி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நாவலையும் கவிதையையும் முன்வைத்தவை. ஓவியத்தைப் பற்றிப் பேசும் கட்டுரைகளில் பெருங்கதையாடல்களின் (அனைத்தையும் விளக்கிவிடுவதாகக் கூறும் பெரிய கதைகளின்) சரிவு, ஆசிரியரின் மரணம் (படைப்பின் பொருளைப் படைத்தவரின் நோக்கம் தீர்மானிப்பதில்லை என்ற கருத்து), மையமின்மை, பகடி ஆகிய சொற்கள் வரிசையாக வருகின்றன. ஆனால் ஒரு படைப்பின் பெயரை நீக்கிவிட்டு வேறொரு படைப்பின் பெயரை அங்கே வைத்தாலும் அந்தக் கட்டுரை மாறாமல் அப்படியே நிற்கிறது. அப்படியொரு கட்டுரையை நான் வாசிக்க விரும்பவில்லை. படைப்பிலிருந்து கோட்பாட்டுக்குச் செல்வது எப்படி? மேலும், பியதாசா தம் படைப்புகளைப் பற்றித் தாமே நிறைய எழுதியவர். ஆசிரியரின் நோக்கம் முக்கியமில்லை என்று கருதும் ஒரு பார்வையில், அந்த எழுத்துகளை நான் பயன்படுத்தலாமா? விவரமறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தூரிகை (ஆயர் ஈத்தாம், பினாங்கு) எழுதியது:

வணக்கம் துளசி. நான் இடைநிலைப்பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வுபெற்றவன். நல்ல படைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், அம்மா. கோட்பாட்டுச் சொற்கள் அனைத்தையும் சிறிது நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தப் படைப்பில் நடந்திருக்கும் செயல்கள் எவை என்று மட்டும் முதலில் கேளுங்கள். ‘இதன் பொருள் என்ன’ என்ற கேள்வி பிறகு வரட்டும்; ‘இங்கே யார், எதை, என்ன செய்திருக்கிறார்’ என்பதே முதலில் வர வேண்டும்.

முதல் செயல், எடுத்துக்கொள்வது. பியதாசா சியாவின் ஓவியத்தைப் பார்த்துப் படியெடுக்கவில்லை; அதைப் போலவே இன்னொன்றை வரையவும் இல்லை. அசல் ஓவியமே உள்ளே இருக்கிறது. சியாவின் தூரிகைத் தடங்களும் வண்ணப் பூச்சின் தடிப்பும் அவருடைய கை பட்டவையே. ஆனால் கலைக்கூடத்தின் பட்டியலில் அந்தப் பொருளின் ஆசிரியராகப் பியதாசாவின் பெயர் இருக்கிறது. இந்த இடத்தில்தான் ‘ஆசிரியர்’ என்ற கருத்தைப் பற்றி நீங்கள் பேசலாம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் ‘ஆசிரியரின் மரணம்’ பற்றி 1967-இல் வெளியிட்ட கட்டுரையின் சாரத்தை எடுத்துச் சொல்லி, அதற்கு எடுத்துக்காட்டாக இந்த ஓவியத்தைக் காட்டுவது ஒரு முறை. இந்த ஒரு பொருளுக்கு இரண்டு பேர் எப்படி ஆசிரியர்கள் ஆனார்கள், அவர்களில் ஒருவருடைய பெயர் மட்டும் தலைப்பில் நிற்பதற்குக் காரணம் என்ன என்று கேட்டு, அந்தக் கேள்வி வலுவடையும் இடத்தில் ரோலான் பார்த்தை அழைப்பது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் எழுதப்படும் கட்டுரையை வேறொரு படைப்புக்கு மாற்றிப் பொருத்த முடியாது.

இரண்டாவது செயல், எழுதுவது. ஓவியத்தின் உள்ளே பார்த்தால் அது நாம் பலமுறை கண்ட காட்சி. வெளிச்சமும் நீருமாகக் கண்ணை ஈர்ப்பது. பாரிஸ் ஓவியர்களின் வண்ண முறையைத் தென்கிழக்காசியக் காட்சிகளோடு இணைத்த ஒரு தலைமுறையைச் சேர்ந்தவர் சியா. அந்தக் கனிந்த தூரிகை வேலைக்கு அருகில், சரக்குப் பெட்டியின்மேல் அடிக்கப்படும் எழுத்துகளைப் போன்ற ஸ்டென்சில் எழுத்துகள் நிற்கின்றன. அவற்றில் கையெழுத்தின் சாயலோ தனிமனிதரின் தடமோ கிடையாது. கண் ஓவியத்தைப் பார்க்கத் தொடங்கும்போதே வாசகம் அதைத் தடுக்கிறது. வாசகத்தைப் படித்து முடித்ததும் கண் மீண்டும் ஓவியத்துக்கே போகிறது. ஆனால் இப்போது அது பார்ப்பது ஆற்றங்கரையை அல்ல, ‘1958-ஆம் ஆண்டின் ஓர் ஓவியம்’ என்ற பொருளை. இந்த மாற்றம் நம் கண்ணுக்குள் நடப்பதை நின்று கவனித்து, அதை ஒரு முழுப் பத்தியாக எழுதுங்கள். ஓவியத்தின் சட்டகம் எங்கே முடிகிறது, ஓவியத்தைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவது, காலம். 1958 என்பது மலாயா விடுதலை பெற்றதற்கு அடுத்த ஆண்டு; தேசியக் கலைக்கூடம் நிறுவப்பட்டதும் அந்த ஆண்டில்தான். 1978-க்குள் 1969 மே 13 இனக்கலவரம் நடந்துவிட்டது; 1971-இல் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடி, நாட்டின் பண்பாட்டுக்கு எது அடித்தளம் என்று வரையறுத்துவிட்டது. ஆகவே சியா வரைந்தபோது எந்தச் சிக்கலும் இல்லாமல் ‘நம் நாட்டுக் காட்சி’ என்று நின்ற ஆற்றங்கரை, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அவ்வளவு எளிதாக நிற்க முடியாத ஒன்றாகிவிட்டது. ‘பெருங்கதையாடல்’ என்ற சொல்லுக்குப் பிரெஞ்சு மெய்யியலாளர் லியோத்தார் தரும் ஐரோப்பிய எடுத்துக்காட்டுகளை நாம் கடன் வாங்கத் தேவையில்லை. ஒரே நாடு, ஒரே பண்பாடு, படிப்படியாக வளர்ந்துவந்த ஒரே கலை வரலாறு என்ற கதை இங்கேயே இருந்தது. ‘காலத்தில் இருப்பதில்லை’ என்ற வாசகம் அந்த நேர்கோட்டு வரலாற்றை மறுக்கிறது என்று நான் வாசிக்கிறேன்.

பியதாசாவின் எழுத்துகளைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அவற்றை விடைத்தாளாகக் கருதாமல், படைப்போடு சேர்த்து வாசிக்க வேண்டிய இன்னொரு பிரதியாகக் கருதுங்கள். அவர் ஓவியர் மட்டுமல்லர், கலை வரலாற்றாசிரியரும்கூட. கலை வரலாற்றாசிரியர் டி.கே. சபாபதியுடன் இணைந்து மலேசிய நவீன ஓவியர்களைப் பற்றி அவர் எழுதிய நூலை, அரசின் மொழி, நூல் வெளியீட்டு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகா 1983-இல் வெளியிட்டது. யார் முக்கியமான ஓவியர் என்று எழுதும் இடத்தில் இருந்த ஒருவர், மற்றோர் ஓவியரின் படைப்பைத் தம் படைப்பின் மூலப்பொருளாக ஆக்கியிருக்கிறார். இதில் ஓர் அதிகாரமும் இருக்கிறது. அதைச் சுட்டாமல் விட்டால், உங்கள் கட்டுரை பின்நவீனத்துவச் சொற்களைப் பேசும் பாராட்டுரையாகவே முடிந்துவிடும்.

செந்தூல் வாசகன் (கோலாலம்பூர்) எழுதியது:

தூரிகை ஐயா படைப்பை அணுகியிருக்கும் முறையை நான் மதிக்கிறேன். எனினும் ஒரு மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ‘நுழைவுப் புள்ளிகள்’ கருத்தியல் கலையைச் சேர்ந்த படைப்பு. கலை என்றால் என்ன என்று கலைக்குள்ளிருந்தே கேட்பது. அந்தக் கேள்வி நவீனத்துவத்தின் கடைசிக் கட்டத்துக்கு உரியது. பின்நவீனத்துவம் குறித்த லியோத்தாரின் அறிக்கை 1979-இல்தான் வெளிவந்தது. 1978-இல் உருவான ஒரு படைப்பின்மீது பின்னால் வந்த பெயரை ஒட்டுவதற்கு முன், அந்தப் பெயரால் நமக்குக் கூடுதலாக எது தெரியவருகிறது என்று கேட்பது நல்லது.

இதைச் சொல்வதற்குக் காரணம், 1974-இல் பியதாசாவும் ஓவியர் சுலைமான் ஈசாவும் கோலாலம்பூரில், டேவான் பஹாசாவின் எழுத்தாளர் அரங்கில் நடத்திய கண்காட்சி. ‘மறைமெய்மையை நோக்கி’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அங்கே வழக்கமான ஓவியங்களோ சிற்பங்களோ இல்லை. 1974 ஜூன் 10, திங்கட்கிழமை, பிற்பகல் 2.46 மணிக்குப் பறவையை விடுவித்த பிறகு எஞ்சிய வெற்றுக் கூண்டு; எரிந்து தீர்ந்த கொசுவர்த்திச் சுருள்; பாதி குடித்து வைத்த இரண்டு கோக்கோ கோலா புட்டிகள்; எத்தனையோ நிழல்கள் விழுந்துபோன வெறும் கித்தான். பொருள் முக்கியமல்ல, அது பங்குபெற்ற நிகழ்வுதான் முக்கியம் என்பது அவர்களுடைய வாதம். அதன் தொடக்க நிகழ்ச்சியில் கவிஞர் சாலே பென் ஜோனெட் அவர்களுடைய அறிக்கையின்மீது சிறுநீர் கழித்து எதிர்வினை ஆற்றியதையும், பின்னர் அது குறித்துக் கட்டுரை எழுதியதையும் பலர் அறிவார்கள்.

அந்தக் கூண்டை மட்டும் பார்த்தால் அது முழுக்கப் பின்நவீனத்துவப் படைப்பாகவே தோன்றும். அதில் கலைஞரின் கைத்திறன் கிடையாது; அரிய பொருள் என்ற மதிப்பு கிடையாது; பறவையே இல்லாததால், இல்லாமையே படைப்பாகிறது. ஆனால் அவர்களுடைய அறிக்கையைப் படித்தால் நிலைமை வேறு. மேற்கு பகுத்தறிவால் உலகைப் பார்க்கிறது, கிழக்கு அகத்தால் பார்க்கிறது, ஆகவே ஆசியக் கலைஞர் தாவோவியத்திலும் ஜென் மரபிலும் வேர்கொள்ள வேண்டும் என்று அது உறுதியாக வாதிடுகிறது. இது ஒரு பெருங்கதையாடலை அகற்றிவிட்டு, அதே இடத்தில் மற்றொன்றை அமர்த்துவதாகும். கிழக்கு என்றால் ஆன்மிகம் என்ற பிரிவினையே காலனிய ஆட்சியாளர்களின் எழுத்திலிருந்து வந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

ஆகவே சகோதரி துளசிக்கு என் ஆலோசனை இது. ‘இது பின்நவீனத்துவப் படைப்பு’ என்று நிறுவ முயல வேண்டாம். எந்தக் காலத்துப் படைப்பையும் அந்தப் பார்வையில் ஆராயலாம். படைப்பு எந்த இடத்தில் அந்தப் பார்வைக்கு இணங்குகிறது, எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறது என்று சேர்த்துக் காட்டும்போதுதான் ஆய்வுக்கு நேர்மை வருகிறது.

துளசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. செந்தூல் வாசகன் அண்ணன் சொன்ன வேறுபாடு, படைப்பின் தன்மை வேறு, நாம் பார்க்கும் பார்வை வேறு என்பது, என் கட்டுரையின் அமைப்பையே மாற்றிவிடும் என்று நினைக்கிறேன். இன்னொரு கேள்வி எழுகிறது. இந்தப் பார்வையில் பார்வையாளரின் பங்கு மிகவும் வலியுறுத்தப்படுகிறது. ‘பார்வையாளரே பொருளை உருவாக்குகிறார்’ என்று எழுதுவது எளிது. அது உண்மையாகவே நடக்கும் ஒரு மலேசியப் படைப்பைக் காட்ட முடியுமா? ஒப்பிட்டுப் பேச எனக்கு உதவியாக இருக்கும்.

வெண்பா (செராஸ், கோலாலம்பூர்) எழுதியது:

வணக்கம். துளசியின் இரண்டாவது கேள்விக்குக் கலைஞர் சிம்ரின் கில்லின் ‘டாலாம்’ என்ற நிழற்படத் தொடரைப் பரிந்துரைக்கிறேன். மலாய் மொழியில் ‘உள்ளே’ என்பது அதன் பொருள். சிங்கப்பூரில் பிறந்து போர்ட்டிக்சனில் வளர்ந்தவர் அவர். 2001-இல் தீபகற்ப மலேசியா முழுவதும் பயணம் செய்து, முன்பின் அறியாதவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, அனுமதி பெற்று, அவர்களுடைய வரவேற்பறைகளைப் படம்பிடித்தார். மொத்தம் 260 படங்கள். எல்லாம் சதுர வடிவம், ஒரே அளவு. ஒன்றிலும் மனிதர் இல்லை.

இந்தத் தொடரின் முன் நிற்கும் ஒரு மலேசியர் என்ன செய்வார் என்பதை நான் என்னிடமே கவனித்திருக்கிறேன். சுவரில் சாமி படம் தெரிந்தால் ‘நம்மவர் வீடு’ என்று மனம் உடனே சொல்கிறது. அரபு எழுத்துகளைச் சட்டமிட்டு மாட்டியிருந்தால் ஒரு முடிவு, சிவப்பு வழிபாட்டு மாடம் இருந்தால் வேறொரு முடிவு. அடுத்து எந்த அடையாளமும் இல்லாத ஓர் அறை வருகிறது: ஒரு நீள்சாய்விருக்கை, ஒரு தொலைக்காட்சி, ஒரு மின்விசிறி, சன்னலில் பூப்போட்ட திரைச்சீலை. மனம் தடுமாறுகிறது. திரைச்சீலையின் நிறத்தையும் நாற்காலியின் வேலைப்பாட்டையும் வைத்து எப்படியாவது வகைப்படுத்திவிட முயல்கிறது. அந்த முயற்சியைச் செய்யச் சொல்லி யாரும் நம்மிடம் கேட்கவில்லை. படங்களுக்குக் கீழே வீட்டாரின் பெயர்களை எழுதியும் வைக்கவில்லை. பள்ளிப் பதிவுப் படிவத்திலிருந்து வங்கி விண்ணப்பம் வரை இனம் என்ற கட்டத்தைக் குறியிட்டே வளர்ந்த நாம், இங்கேயும் அதே கட்டங்களைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறோம்.

பார்வையாளர் பொருளை உருவாக்குகிறார் என்பது இங்கே வெறும் கோட்பாடாக நிற்கவில்லை. ‘இது இந்தியர் வீடு’ என்ற வாக்கியம் படத்தில் எங்கும் இல்லை. அதை நான் உருவாக்கினேன், உருவாக்கிய கணத்திலேயே என் பார்வை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேலும், படங்களை ஒரே வடிவில் வரிசைப்படுத்தும் முறையே காலனிய காலத்து இனவரைவியல் நிழற்படங்களையும் ஆவணக்காப்பகங்களையும் நினைவூட்டுகிறது. அந்தக் காப்பகங்கள் மனிதரை வகைகளாகப் பிரிக்க உருவானவை. கில் அதே வடிவத்தை எடுத்து, வகைப்படுத்த வேண்டிய மனிதரை அதிலிருந்து நீக்கிவிட்டார். பகடி என்றால் நகைச்சுவை என்று மட்டும் பலர் எண்ணுகிறார்கள். ஒரு வடிவத்தை அதன் பழைய வேலையிலிருந்து விடுவிக்கும் இந்த அமைதியான செயலும் பகடிதான் என்பது என் உறுதியான கருத்து.

துளசி ஒப்பிட விரும்பினால், ‘நுழைவுப் புள்ளிகள்’ பார்வையாளரிடம் சொற்களால் நேரடியாக வாதிடுகிறது, ‘டாலாம்’ ஒன்றும் சொல்லாமல் பார்வையாளரைப் பேச வைக்கிறது என்ற வேறுபாட்டிலிருந்து தொடங்கலாம். பியதாசா 1980-களில் தொடங்கிய ‘மலேசியத் தொடர்’ இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. பழைய ஸ்டூடியோப் படங்களைப் பட்டுத்திரை அச்சில் எடுத்து, வண்ணம் ஏற்றி அவர் செய்த அந்தத் தொடரில், மலாய், சீன, பாபா (மலாய்ப் பண்பாட்டை ஏற்ற சீன வழியினர்), இந்தியக் குடும்பத்தினர் கேமராவுக்கு முன் மிகவும் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார்கள். அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தங்களைத் தாங்களே ஒரு படமாக அமைத்துக் காட்டுகிறார்கள்.

தூரிகை எழுதியது:

வெண்பா அவர்களின் பதிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. செந்தூல் வாசகனின் மறுப்பையும் பெருமளவு ஏற்கிறேன். ஆனால் ஒன்றில் உடன்பட முடியவில்லை. லியோத்தாரின் நூல் வெளிவந்த ஆண்டை வைத்து எல்லை வகுப்பது பொருத்தமாகப் படவில்லை. பிறருடைய அசல் படைப்பை எடுத்து அதன்மேல் கூற்றை ஏற்றும் செயல், அமெரிக்காவில் கலைஞர் ஷெரி லெவின், நிழற்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸின் நிழற்படங்களை மீண்டும் படம்பிடித்துத் தம் படைப்பாக வைத்த 1981-க்கு மூன்று ஆண்டுகள் முன்பே கோலாலம்பூரில் நடந்திருக்கிறது. லெவின் எடுத்தது படத்தின் படத்தை. பியதாசா எடுத்தது ஓவியத்தையே. பின்நவீனத்துவம் மேற்கில் தொடங்கி இங்கே தாமதமாக வந்து சேர்ந்தது என்ற வரிசையே ஐயத்துக்குரியது என்று சொல்ல, இந்த ஆண்டுக் கணக்கு துளசிக்குப் பயன்படும்.

பார்வையாளர் பங்கேற்பு பற்றி, பினாங்கிலிருந்து ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க விரும்புகிறேன். லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸகரேவிச் 2012-இல் ஜார்ஜ்டவுன் ஆர்மீனியன் சாலைச் சுவரில் வரைந்த மிதிவண்டிச் சிறுவர்களை எல்லாரும் அறிவோம். வண்டி உண்மையானது, சிறுவர்கள் வண்ணத்தாலானவர்கள். வருகிறவர்கள் வண்டியின் பின்புறம் நின்று, தாங்களும் அதில் தொற்றிக்கொண்டிருப்பதுபோல் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பார்வையாளர் இல்லாமல் அந்தப் படைப்பு முழுமையடைவதே இல்லை. ஆனால் அந்தப் பங்கேற்பு எந்தப் பெருங்கதையாடலையும் அசைப்பதில்லை. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த நகரத்தின் ‘பழைய இனிய நாட்கள்’ என்ற கதையை அது மேலும் உறுதிப்படுத்துகிறது. அந்தச் சுவரோவியத்தின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. சுற்றியுள்ள கடைகளில் சட்டையாகவும் காந்தவில்லையாகவும் அது பெருகிய பிறகு, மூலத்தைக் காண வருபவர் தாம் ஏற்கெனவே பார்த்த நகல்களைச் சரிபார்க்கவே வருகிறார் என்பதைத்தான் குறிப்பிடுகிறேன். நகல்கள் மூலத்தின் இடத்தைப் பிடித்துவிடுகின்றன என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் போத்ரியாரின் கருத்தைப் பொருத்திப் பேச வேண்டுமானால் இதைவிட நல்ல சுவர் நம் ஊரில் கிடையாது. பங்கேற்பு இருப்பதாலேயே ஒரு படைப்பை விமர்சனப் பாங்கு உடையது என்று எழுதிவிட வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

துளசி, உங்கள் கட்டுரைக்கு ஒரு நடைமுறை ஆலோசனை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். தலைப்பில் பியதாசாவின் பெயரை மட்டும் போடுவீர்களா, சியா யூ சியானின் பெயரையும் சேர்ப்பீர்களா என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். எதைத் தேர்ந்தாலும், அந்தத் தேர்வுக்கான காரணத்தை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். உங்கள் வட்டத்தில் விவாதம் அங்கிருந்தே தொடங்கும்.